கேமராவைப் பார்த்த பெண்

நான் தையல்காரன். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் முப்பது வருஷம் கடை வைத்திருந்தேன். கத்திரி பிடித்தால் கை பிசகாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால்தான் எழுபதுகளின் கடைசியில் ஒரு பழைய சினிமாப் படத்தை வெட்டி ஒட்டிச் சரிசெய்கிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த வேலையில் என் மனைவிக்கு நான் செய்த தீங்கைப் பற்றித்தான் இது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கே தாங்கவில்லை.

எங்களுக்கு ஒரு நடிகர் இருந்தார். பெயர் வேண்டாம், நாங்களே அவரை ‘எங்கள் ஆள்’ என்றுதான் சொல்லுவோம். ஐம்பதுகளில் கொடிகட்டிப் பறந்தவர். நாங்கள் ரசிகர் மன்றம் ஆரம்பித்தபோது அவருக்கு மார்க்கெட் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஓடுகிற நடிகருக்கு மன்றம் வைக்க ஊரில் ஆள் நிறைய. ஓய்ந்துபோனவருக்கு வைக்க ஒரு தனிக் கிறுக்கு வேண்டும், அது எங்களிடம் தாராளமாக இருந்தது. மிட்டாய்க்கடைக்காரர் ஒருவர் தலைவர், நான் செயலாளர், எங்களோடு பதினைந்து இருபது பேர். மற்ற மன்றத்துக்காரர்கள் கடை வழியாகப் போகும்போது, “என்னவே, உங்க ஆளு அடுத்த படம் எப்போ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

அடுத்த படம் வரவேயில்லை. அவர் இறந்துபோனார். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தார்கள். அன்று தலைவர் கடையைத் திறக்கவில்லை. நான் ஒரு சட்டைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வருஷ நினைவு நாளுக்கு அவருடைய படம் ஒன்றைத் தென்காசியிலேயே காலைக்காட்சியாகப் போட்டு, நாலு வரி போட்டவர்களுக்கெல்லாம் அவர் யார் என்று காட்டுவது என முடிவு செய்தோம். எந்தப் படம் என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. குற்றாலத்துக்கு வந்து எடுத்த படம்தான்.

மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டோம். நெகட்டிவ் எங்கே போனதென்று தெரியாது, பிரிண்டும் இல்லை என்று ஒரு கார்டு வந்தது. மெட்ராஸில் இல்லாவிட்டால் என்ன, கொட்டகைகளில் இருக்காதா என்று கிளம்பினோம். வாசுதேவநல்லூரில் மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றில் ஒரு பிரிண்ட் கிடைத்தது. ராயகிரியில் ஒரு வீட்டில் பருத்தி மூட்டைக்குப் பின்னால் இன்னொன்று. மலையைத் தாண்டிப் புனலூரிலிருந்து மூன்றாவது. மூன்றுமே முழுசாக இல்லை. தகரப் பெட்டியைத் திறந்தால் புளித்த காடி நாற்றம் மூக்கில் அடிக்கும். தலைவர் மட்டும் அதை ஊதுபத்தி வாசனை மாதிரி இழுத்து மோந்துகொண்டு நிற்பார்.

மூன்றையும் சேர்த்து ஒன்றாக்குவதற்கு ஊர்த் தியேட்டர் ஆபரேட்டர் அண்ணாச்சி இடம் கொடுத்தார். அவர் எங்கள் மன்றத்தில் இல்லை, எந்த மன்றத்திலும் இல்லை. “எல்லாவனும் என் லைட்டுல தாம்லே தெரியுதான்” என்பார். மாட்னிக்கு முந்தைய காலை வேளைகளில் அவருடைய அறையில் உட்காருவோம். மேஜையில் சதுரமாக ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்து, அடியில் பல்பு எரியும். ஒரே காட்சியை மூன்று பிரிண்டிலும் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்ப்பேன். எது தெளிவோ அது படத்துக்கு, மற்றது மூலையில் இருக்கிற சாக்குக்கு. ஒட்டுகிற இடத்தில் பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையை லேசாகத் தடவி, அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ண வேண்டும். அண்ணாச்சி ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தார். துணியும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எங்கள் ஆள் இருக்கிற ஒரு பிரேம்கூட வீணாகக் கூடாது. அவர் முகத்தில் ஒரு கோடு விழுந்திருந்தால் அதே நொடியை அடுத்த பிரிண்டில் தேடி எடுத்து மாற்றினேன். அவர் ஒரு தடவை கண் சிமிட்டுகிற இடத்துக்காக ஒரு வாரம் கடையைத் தம்பியிடம் விட்டேன். அவர் இல்லாத காட்சிகளுக்கு இவ்வளவு மெனக்கெடவில்லை. கதாநாயகியின் அழுகையில் பாதி போயிற்று. வில்லன் கெட்டவன் என்று தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும் என்று விட்டோம். இதில் தப்பு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. யாருடைய படம் அது?

ஏழாவது ரீலில் குற்றாலம் வரும். ஓடையில் ஏழெட்டுப் பெண்கள் துணி அலசிக்கொண்டும் குடத்தில் தண்ணீர் மோந்துகொண்டும் இருப்பார்கள். நடிகைகள் இல்லை, நம் பக்கத்துப் பெண்கள். வசனம் கிடையாது, தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு எங்கள் ஆள் பாறைமேல் கால் வைப்பார், பாட்டு தொடங்கும். அவர் வருவதற்குச் சற்று முன்னால் அந்தப் பெண்களில் ஒருத்தி சட்டென்று திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் நிற்க வைத்திருப்பார்கள். அவள் பார்த்துவிட்டாள். அந்த நாளில் கொட்டகைகளில் இந்த இடம் வந்தால் ஜனம் கொல்லென்று சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் ஆள் வந்துவிடுவார். அவர் வருகிற அழகை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். சின்ன வயதில் மணல் தரையில் உட்கார்ந்து அதற்காகக் கொதித்தவர்கள் நாங்கள்.

வாசுதேவநல்லூர் பிரிண்டில் ஏழாவது ரீல் ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தது. புனலூர்க்காரர்கள் பாட்டையே எடுத்துவிட்டிருந்தார்கள். ராயகிரி பிரிண்டில் மட்டும்தான் அந்த இடம் இருந்தது.

“அதத் தூக்கிரும்வே. நம்ம ஆளு வரும்போது ஒருத்தனும் சிரிக்கப்படாது” என்றார் தலைவர்.

“இருந்துட்டுப் போகட்டும்லே. எடுத்தவனே வச்சிருக்கான், அத வெட்ட நீங்க யாரு?” என்றார் அண்ணாச்சி.

“உங்களுக்கு வெளங்காது அண்ணாச்சி. இது அவருக்கு நாங்க செய்யுத மரியாதை” என்றேன் நான்.

ஓடை தெரிந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஒரு வெட்டு, பாறைமேல் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு வெட்டு. எட்டு முழம் இருக்கும், ஒரு வேட்டி நீளம். சுருட்டிச் சாக்கில் போட்டேன். இரண்டு முனையையும் ஒட்டி, இருபது எண்ணி, விரலை எடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒட்டு இருப்பதே தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாக்கை வழக்கம்போல ஒரு கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர். அட்டைப் பெட்டியில் லென்ஸ் வைத்து, உள்ளே பிலிம் துண்டைச் செருகி வெளிச்சத்தில் பார்க்கிற விளையாட்டுச் சாமான் அப்போது பிள்ளைகளிடம் இருந்தது. அதற்கான துண்டுகளை அவர் ஒவ்வொன்றாக நறுக்கி விற்பார். கழித்த பிலிமெல்லாம் அவருக்குத்தான் போகும்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. நோட்டீஸ் அடித்தோம்.

என் மனைவிக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அவள் சினிமாவுக்கு வருவதில்லை. அவள் பிறந்த வீட்டில் சினிமா என்ற பேச்சே கூடாது, அவள் அப்பா அப்படி. அம்மா அவளுடைய மூன்றாவது வயதில் அடுத்த பிரசவத்தில் இறந்துபோனாள். அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் படைத்தபோது, போட்டோ வைக்கிற இடத்தில் ஒரு புதுச்சேலையை மடித்து வைத்து அதற்குப் பூப்போட்டார்கள். இவள் அந்தச் சேலையை விழுந்து கும்பிட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவின் தங்கை, இவளுக்குச் சித்தி, ஆய்க்குடியில் இருந்தாள். சித்தியைப் பார்க்கப் போனவள் எங்கள் நோட்டீஸ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். புருஷன் பெயர் செயலாளர் என்று அச்சில் வந்திருக்கிறதே, காட்ட வேண்டாமா? திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். அப்படி வருகிற வழக்கம் இல்லை. மூச்சு வாங்கியது.

“ஏங்க, இந்தப் படத்துல எங்க அம்மை வாராளாம்.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

“சித்தி சொல்லுதா. குத்தாலத்துல ஓடையில துவைச்சுக்கிட்டு இருந்தவுகள நிக்க வச்சுப் படம் பிடிச்சாங்களாம். எங்க அம்மை மட்டும் சொன்ன பேச்சு கேக்காம கேமராவத் திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டாளாம். அப்பாவுக்கு விசயம் தெரிஞ்சு அடி அடின்னு அடிச்சாராம். அப்பொறம் வீட்டுல அந்தப் பேச்சே கெடையாதாம். சித்தி மட்டும் ஒரு தடவை தெரியாமப் போய்ப் பாத்திருக்கா. நான் நோட்டீஸ வாசிக்கவும் இந்தப் படந்தாம்ட்டின்னு அழுதுட்டா.”

குற்றாலத்தில் வருஷத்துக்கு நாலு கம்பெனி வந்து படம் எடுத்த காலம் அது. எங்கள் படம் என்று நான் எப்படி நினைப்பேன்? அவளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. அவளுக்கே அன்றுதான் தெரியும்.

“நானும் சித்தியும் வாரோம். பொம்பளைங்க பக்கம் முன்னால ரெண்டு எடம் சொல்லி வைங்க” என்றாள்.

கையில் ஒரு பாவாடைத் துணி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு “சரி” என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் அன்று இருந்த இருப்பில் எனக்கு வாய் வரவில்லை. துண்டைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஒட்டிவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். கோழை போடுகிற கணக்கு.

மறுநாள் விடிந்ததும் குற்றாலம் போனேன். கடைக்காரர் பேரருவிக்குப் போகிற வழியில் கடை போட்டிருந்தார். கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. ஓடையில் நிற்கிற பொம்பளைகள், எட்டு முழத் துண்டு என்று அடையாளம் சொன்னேன். “அதுக்கு நான் எங்கவே போவேன்? எல்லாத்தையும் நறுக்கியாச்சே” என்று நாலைந்து தட்டுகளை எடுத்து வைத்தார். தட்டு நிறையத் துண்டுகள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மலையில் மேகம் இறங்கியிருந்தது, வெளிச்சம் போதவில்லை. துண்டில் விழுந்த சாரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

மத்தியானம் தாண்டுவதற்குள் ஓடைத் துண்டுகள் பதினொன்று கிடைத்தன. குடம், தண்ணீர், குனிந்த முதுகுகள், பக்கவாட்டில் சில முகங்கள். கேமராவைப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

“சிரிச்ச மொகமா?” என்று கேட்டார் கடைக்காரர். “அப்போ இருக்காதுவே. பிள்ளைங்க சிரிச்ச மொகத்தத்தான் மொதல்ல எடுத்துட்டுப் போகும்.”

எங்கெங்கிருந்தெல்லாமோ வந்து குளித்துவிட்டுப் போன கூட்டம் அது. மதுரையிலோ கொல்லத்திலோ யாரோ ஒரு பிள்ளை அட்டைப் பெட்டியில் கண்ணை வைத்து என் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினொன்றையும் தீப்பெட்டி ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் அவள் நினைவு நாளன்று கட்டுவதற்குச் சேலையை எடுத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தாள். அன்றும் நான் சொல்லவில்லை.

காலைக்காட்சிக்கு முக்கால் கொட்டகை நிறைந்தது. திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தினோம். தலைவர் அழுதார். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. இத்தனை தெளிவாக இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்று வயசானவர்கள் சொன்னார்கள். ஏழாவது ரீல் வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தி இவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. உடனே எங்கள் ஆள் பாறைமேல் கால் வைத்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கொட்டகையே விசிலடித்தது. பாட்டு முடிகிற வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் சாய்ந்தபடியே இருந்தார்கள்.

படம் விட்டு வெளியே வந்ததும் தலைவர் எல்லார் முன்னிலையிலும் எனக்கு மாலை போட்டார். மாலையோடு இவர்களைத் தேடிப் போனேன். சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏட்டி, எங் கண்ணு போச்சுட்டி” என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். “பொரை விழுந்துட்டுபோல. அந்த எடம் வந்துச்சு, போச்சு, எனக்கு ஒண்ணுமே தெரியலயே.”

“இல்ல சித்தி, நாந்தான். விசில் சத்தத்துக்கு ஒரு நிமிசம் திரும்பிட்டேன்னு நெனைக்கேன்” என்றாள் இவள். “அவ்வளவு நேரம் பாத்துட்டு, அந்த நேரம் பாத்துத் திரும்பிட்டேன் பாருங்க.”

அவள் திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். செய்தவன் மாலையோடு நிற்கிறேன், செய்யாதவர்கள் தங்கள் கண்ணைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாலையைக் கழற்றி அங்கே நின்ற சைக்கிள் ஒன்றின்மேல் போட்டேன்.

சித்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எதுக்கு வெட்டினிய?” என்று கேட்டாள்.

“ஜனம் சிரிக்கும்னு.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே. எங்க அம்மையும் சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தா.”

அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சோறு வைத்தாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போனது. நான் மன்றத்திலிருந்து விலகிக்கொண்டேன். தலைவருக்குக் காரணம் சொன்னேன். “அதுக்கு நாம என்னவே செய்ய முடியும்?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கத்திரி என் கையில்தான் இருந்தது.

ஆவணியில் அவளே ஆய்க்குடிக்குக் கூப்பிட்டாள். சித்தியிடம் உண்மையைச் சொல்லி, தீப்பெட்டியைத் திறந்து காட்டினோம். சித்தியின் கண்ணில் புரை ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கமாகப் போய் என் லென்ஸை வைத்து ஒவ்வொரு துண்டையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. “ஏட்டி, இது இலஞ்சிக்காரில்லா! இது பூக்கட்டுத வீட்டு மூத்தவ, காலராவுல போனாளே. இவ கொழும்புக்குப் போனவ” என்று பதினொரு துண்டிலும் இருந்தவர்களை எல்லாம் அடையாளம் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசித் துண்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, துண்டுக்கு வெளியே, வெறும் சுண்ணாம்புப் பூச்சில் விரலை வைத்தாள்.

“அவ இங்கன நின்னா” என்றாள்.

என் மனைவி அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

நாங்கள் ஒட்டிய பிரிண்ட் செங்கோட்டையிலும் சுரண்டையிலும் ஓடியது. எண்பதுகளின் நடுவில் அதுவும் காடி நாற்றம் பிடித்துச் சுருண்டு போனதாக அண்ணாச்சி சொன்னார். பிறகு கொடைக்கானலிலிருந்து ஒளிபரப்பு வந்து, பக்கத்து வீட்டில் டி.வி. வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பழைய படம் போட்டால் இவள் வேலையைப் போட்டுவிட்டுப் போய் உட்காருவாள். சினிமா பிடிக்காதவள். பெயர் போடுகிற வரைக்கும் இருந்துவிட்டு, அந்தப் படம் இல்லை என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிடுவாள்.  

அவள் அப்பா காலமானார். இரண்டு வருஷம் கழித்துச் சித்தியும் போய்விட்டாள். சித்தியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆய்க்குடியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணி இருக்கும், கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“இனிமே எங்க அம்மையப் பாத்தவுகன்னு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான் இருக்கிய” என்றாள். “எப்படி இருந்தா?”

இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. நான் யோசித்தேன். எங்கள் ஆளின் புருவம் எங்கே வளையும், எந்தப் பல் சற்று முன்னால் நிற்கும், எல்லாம் இன்றைக்கும் கண்முன்னால் நிற்கிறது. அந்தப் பெண்ணை நான் லென்ஸ் வைத்து, விளக்கு வைத்து, ஒரு சாண் தூரத்தில் பார்த்தவன். ஆனால் கத்திரியை எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு திரும்பல் ஞாபகம் இருக்கிறது, ஒரு சிரிப்பு இருக்கிறது, எனக்கு வந்த எரிச்சல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை.

அவள் காத்திருந்தாள்.

“உன்னைய மாதிரியேதான் இருந்தாங்க” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“எங்கிட்ட அம்மை சாடை ஒண்ணுகூடக் கெடையாதுன்னு சித்தி சாகுத வரைக்கும் சொன்னா. நான் அப்படியே எங்க அப்பாவாம்.”